திருப்பி வாங்கிய ஸ்வெட்டர்

மார்கழிக்குப் பிறகு யாரும் திறக்காத டிரங்குப் பெட்டிக்குள், அந்த ஸ்வெட்டரின் அக்குள் ஈரமாக இருந்தது.

பாகீரதி முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். சித்திரை வெயில்; பெங்களூரிலும் இப்போதெல்லாம் ஃபேன் போட வேண்டியிருக்கிறது என்று மல்லேஸ்வரத்துப் பழைய குடும்பங்கள், ஏதோ வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்ட குரலில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பருவம். கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். மற்ற ஸ்வெட்டர்களெல்லாம் பாச்சை உருண்டை வாசனையோடு, அரசாங்கக் கோப்புகளைப் போல வறண்டு, மடிப்புக் கலையாமல் கிடந்தன. இந்தச் சிவப்பு மட்டும், ஓடி விளையாடிய குழந்தையின் மேலிருந்து இப்போதுதான் கழற்றியது போல வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். தேங்காய் எண்ணெய். விறகுப் புகை. அதற்கும் அடியில், மார்பில் தடவும் தைலத்தின் காரம்.

பெட்டியை மூடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று மன்றத்தில் வயர் கூடை வகுப்பு.

நூலிழை மகளிர் மன்றம் பருவம் தவறாதது. கோடைக்கு வயர் கூடை, மழைக்குக் குரோஷா, நவராத்திரிக்குத் தோரணம், மார்கழிக்கு ஸ்வெட்டர். தலைவி பாகீரதி. அவள் கணவர் வைத்தீஸ்வரன் விதான சௌதாவில் பெரிய அதிகாரி என்பதைத் தவிர வேறெந்தத் தகுதியையும் அந்தப் பதவி அவளிடம் கேட்கவில்லை. ஆண்டுதோறும் மார்கழியில் மன்றத்தார் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இறங்கி, ஸ்ரீராம்புரத்துப் பால்வாடிக் குழந்தைகளுக்குத் தங்கள் கையால் பின்னிய ஸ்வெட்டர்களை மாட்டிவிடுவார்கள். காக்ஸ் டவுனிலிருந்து தியோடர் கேமராவோடு வருவார். படம் பத்திரிகையில் வரும். ஃப்ளாஷ் அணைந்ததும் ஒரு பெரிய கூடை வரிசையாக நகரும். ஸ்வெட்டர்கள் திரும்பக் கூடைக்குள் போகும்.

"கம்பளியை எப்படி அலசணும்னு அதுகளுக்குத் தெரியுமா? கல்லுல அடிச்சே நாசம் பண்ணிடும்" என்று துணைத்தலைவி நிருபமா முதல் ஆண்டே சொல்லிவிட்டாள். கொடுப்பது தருமம், திருப்பி வாங்குவது பராமரிப்பு. ஆண்டுதோறும் குழந்தைகள்தான் மாறினார்கள். ஸ்வெட்டர்கள் அவையேதான். குழந்தைகளும் கெட்டிக்காரர்கள், ஃப்ளாஷ் அடித்ததும் யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் மேலே தூக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

போன மார்கழியில் ஒரு பெண் மட்டும் தூக்கவில்லை. கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு இருமினாள். பாகீரதியே குனிந்து, சிரித்த முகம் மாறாமல், கீழிருந்து உருவினாள். கழுத்துப் பட்டி தலையில் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து ஏதோ முனகல். "அய்யோ, பூசணிக்காய்த் தலை!" என்று நிருபமா சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். பாகீரதி இன்னும் ஒரு இழு இழுத்தாள். வந்துவிட்டது.

தை மாதத்தில் பால்வாடி டீச்சர் ஜெயலட்சுமி வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"தேன்மொழி போயிருச்சும்மா. சளி நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சு. ஜொரத்துல ரெண்டு கையையும் தூக்கித் தூக்கிக் காட்டுது. 'கழட்டிக்கோங்க, கழட்டிக்கோங்க'ன்னு. மேல ஒண்ணுமே இல்லம்மா. வெறும் ஒடம்பு."

"ச்சு, பாவம்" என்றாள் பாகீரதி. முகம் நினைவுக்கு வரவில்லை. எந்த ஸ்வெட்டர் என்பது வந்தது. சிவப்பு. நடுவில் கயிறு முறுக்கியது போன்ற பின்னல்.

ஆனி மழையில் பெட்டியைத் திறந்தபோது அந்தச் சிவப்பின் கழுத்து அகன்றிருந்தது. பட்டியின் ஓரத்தில் ஒரு நீள முடி. பாகீரதி முடியை ஜன்னலுக்கு வெளியே உதறினாள். ஸ்வெட்டரை எறிய மனம் வரவில்லை. அந்தச் சிவப்புக் கம்பளி சிக்பேட்டையில் இப்போது கிடைப்பதில்லை. பயமும் சிக்கனமும் ஒரே வீட்டில் குடியிருந்தால் வாடகை கொடுப்பது பயம்தான். ஸ்வெட்டரைப் பிரித்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

கூடத்தில் தனியாக உட்கார்ந்து பிரித்தாள். வெளியே சம்பங்கி மரத்திலிருந்து மழை சொட்டுகிற சத்தம், உள்ளே இழை ஒவ்வொரு கண்ணியாக விடுபடும்போது எழும் மிக மெல்லிய டிக், டிக், டிக், நாற்காலி முதுகில் சுற்றச் சுற்றச் சுருள் சுருளாக நிற்கும் கம்பளி, அதிலிருந்து கிளம்பிக் கூடம் முழுவதும் பரவிய விறகுப் புகை வாசனை. வீட்டில் இருப்பதோ கேஸ் அடுப்பு. கம்பளியை அலசினாள். கனம் கட்டித் தொங்கவிட்டாள். சுருள் நிமிரவில்லை. கனத்தைக் கொஞ்சம் மேலே இழுக்கும். பிறகு தளர்ந்து இறக்கும். மறுபடி இழுக்கும்.

காற்று என்றாள் பாகீரதி, கேட்க யாரும் இல்லாதபோதும். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

நவராத்திரிக்கு அந்தக் கம்பளியில் தோரணம் கட்டிக் கொலுவுக்கு மேலே தொங்கவிட்டாள். வந்தவர்களெல்லாம் தோரணத்தைப் புகழ்ந்தார்கள். அவர்கள் வீட்டுக் கொலுவை இவள் புகழ்ந்தாக வேண்டும் என்பதால். நிருபமா சங்கராபரணத்தில் ஏதோ ஒன்றை எடுத்துப் பாதி வழியில் சுருதியைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு இருமல். சின்ன இருமல். வெளியே விடாமல் அடக்கப் பார்த்து, முடியாமல் வந்தது.

பாகீரதியின் மகள் சஹானா, வயது ஏழு, பட்டுப்பாவாடையில் அவள் மடியருகே உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து, எத்தனையோ கோயில் சுற்றிப் பிறந்தவள். அவள் தும்மினால் வீட்டில் டாக்டர் வருவார். அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

"அம்மா, தோரணம் இருமறது."

"வாயை மூடு. அடி வாங்கப் போறே."

"பாவம்மா அது. தண்ணி குடு."

அன்றே தோரணம் கீழே இறங்கியது. பாகீரதிக்கு அதன் பிறகு நிம்மதி இல்லை. குக்கர் சத்தத்துக்கு இடையில் இருமல். பூஜை மணிக்கு இடையில் இருமல். வைத்தீஸ்வரன் பேப்பரை இறக்காமலே, "சஹானாவுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். சஹானா பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

கொடுத்துவிடுவோம். அதுதானே கேட்கிறது? அதே கம்பளியில் அதே ஸ்வெட்டரை மறுபடி பின்னி, தேன்மொழியின் தாய் கையில் கொடுத்துவிடுவோம். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே தன்மேல் மதிப்பு உண்டாயிற்று. கார்த்திகை முழுவதும் மத்தியானங்களில் பின்னினாள். ஊசிகள் அவளைக் கேட்காமலே வழி தெரிந்து ஓடின. அளவு எடுக்கவில்லை. கழுத்தை மட்டும் பெரிதாக விட்டாள்.

மார்கழி பிறந்ததும் காரில் ஸ்ரீராம்புரம் போனாள். தியோடரையும் அழைத்துப் போனாள். ஒரு நல்ல காரியம் நடக்கும்போது படம் இல்லாவிட்டால் அது நடந்ததாக யார் சொல்வது? இரண்டாயிரம் பிறக்கப் போகிறது. மன்றத்தின் கண்காட்சியில் 'தாய்மையின் கண்ணீரில் ஒரு கம்பளி' என்று ஒரு தலைப்பைக்கூட அவள் மனத்துக்குள் எழுதிப் பார்த்திருந்தாள்.

பால்வாடி வாசலில் ஜெயலட்சுமி முதலில் ஸ்வெட்டரைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

"அவங்க அம்மா கார்ப்பரேஷன் வேலைக்குப் போயிருக்கும்மா. பெருக்கிட்டு வர மத்தியானம் ஆவும்."

"பரவாயில்லை. நீங்க வாங்கிக்கோங்கோ. அவகிட்ட சேர்த்துடுங்கோ."

"மேடம், லைட்டு நல்லா இருக்கு" என்றார் தியோடர். "டீச்சர், நீங்க கொஞ்சம் சைடுல திரும்பி, கண்ணு மட்டும் கீழ. சோகமா. ஒரே ஸ்நாப்."

ஜெயலட்சுமி கையை நீட்டவில்லை. "படம் புடிச்சப்பறம் திருப்பி எடுத்துக்குவீங்க இல்லியா? அத இப்பவே எடுத்துக்கோங்க. உங்க சாமான வெச்சுக்கற பழக்கம் எங்களுக்கு இல்லம்மா."

"இல்லை, இது நெஜமாவே குடுக்கறது."

"அப்ப அவர காருக்குப் போவச் சொல்லுங்க. நான் வாங்கிக்கறேன்."

பாகீரதி தியோடரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவர் போய்விடுவார். சந்துக்குள் யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள். ஸ்வெட்டர் வைத்திருந்த பை அவள் கையில் வெதுவெதுவென்று கனத்தது. கண்காட்சியில் அந்தப் படத்துக்கென்று ஒதுக்கிய சுவரை அவள் நினைத்தாள், காலியான சுவர்.

"சரி, இன்னொரு நாள் சாவகாசமா வரேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பையைக் கூடத்து நாற்காலியில் போட்டாள். கண்காட்சிக்குச் சாமான்கள் தேர்ந்தெடுக்க மன்றத்தார் சாயங்காலம் வருகிறார்கள்; பஜ்ஜி போட்டு வைக்க வேண்டும். சமையலறையிலிருந்து திரும்பி வந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த சஹானா கூடத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு ஸ்வெட்டரில்.

"அம்மா, இது எனக்கா? யாரோ போட்டுண்டு குடுத்த மாதிரி சூடா இருக்கு."

"கழட்டு."

"குளுருதும்மா."

"கழட்டுன்னா கழட்டு!"

பாகீரதியே கீழ் விளிம்பைப் பிடித்து உருவினாள். எளிதாக வந்தது. தூக்கி மூலையில் எறிந்தாள். திரும்பினாள்.

சஹானா சிவப்பு ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தாள்.

அதே முறுக்கு. அதே கழுத்து. மூலையில் எறிந்தது மூலையில்தான் கிடந்தது. பாகீரதிக்கு ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது. குழந்தை இரண்டு போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அவள் பின்னியதோ ஒன்றுதான். அதை உருவினாள். அதற்கடியில் பள்ளிச் சீருடை இருக்க வேண்டும்.

சிவப்பு.

"அம்மா, குளுருது."

உருவினாள். சிவப்பு. உருவினாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு விரற்கடை சிறியது. ஒவ்வொன்றும் சூடாக. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த சஹானாவின் கால்கள் இப்போது தரையைத் தொடவில்லை. பிறகு கட்டில் விளிம்பைத் தாண்டவில்லை. கழற்றியதை எடுத்து மறுபடி அவள்மேல் போர்த்தினாள். மூடியது. வழிந்து விழுந்தது. உள்ளே இருப்பது வளரவில்லை.

இருமல். சஹானாவின் இருமல்.

"இரு கண்ணா. இன்னும் ஒண்ணுதான். அம்மா எடுத்துடறேன்."

கழுத்துப் பட்டி தலையில் மாட்டிக்கொண்டது. உள்ளே முனகல். இழுத்தாள். வந்தது. முகம் வரவில்லை. கழுத்துத் துளைக்குள் இன்னொரு கழுத்துத் துளை. அதற்குள் இருட்டு. இருட்டுக்குள் மூச்சு. கைகள் எங்கே? சட்டைக் கை இருந்தது. மடங்கியிருந்தது. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் முழங்கை மாதிரி. விரல்கள் இல்லை.

"குளுருது."

இனி தொடக்கூடாது. பாகீரதி கையை எடுத்தாள். கட்டில் முழுக்கச் சிவப்புக் குவியல். நடுவே, அவள் மடியில், ஒரு சாண் ஸ்வெட்டர். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். இப்படியே இருந்தால் போதும். சாகும்வரை இப்படியே.

கதவு தட்டும் பழக்கம் நிருபமாவுக்கு இல்லை.

"பாகீ! பஜ்ஜி வாசனை கேட் வரைக்கும்..." என்று வந்தவள் குவியலைப் பார்த்து நின்றாள். பின்னால் நாலைந்து பட்டுப் புடவைகள். "ஐயோ ராமா! நோடி, நோடி! சத்தமே போடாம இத்தனை பண்ணிருக்கா பாருங்கோ! ஒரே டிசைன்ல சைஸ் சைஸா! பரிசு உனக்குத்தான் போ. மடியில என்னடி, எவ்வளவு குட்டி! கொலு பொம்மைக்கா?"

"தொடாதே."

"எப்பவுமே தன்னடக்கம் இவளுக்கு."

"நிருபமா, தொடாதேடி! அது சஹானா!"

"சஹானாவுக்கா? அவளுக்கு இது கட்டைவிரலுக்குத்தான் வரும்!" எல்லாரும் சிரித்தார்கள். பாகீரதியின் விரல்களைச் செல்லமாக ஒவ்வொன்றாகப் பிரித்து, நிருபமா அதை எடுத்தாள். "அட, வெதுவெதுன்னு இருக்கே. இப்பத்தான் அயர்ன் பண்ணினயா? உள்பக்கம் காட்டு. உள்பக்கம் பார்த்தாத்தானே கை சுத்தம் தெரியும்."

உள்ளே விரலை விட்டு உருவினாள்.

"அய்யே, உள்ள இன்னொண்ணு!"

பாகீரதி பாய்ந்தாள். அவள் கையில் ஒரு சட்டைக் கை அகப்பட்டது. பிடித்தாள். நிருபமா விடவில்லை, விளையாட்டு என்று நினைத்தாள். இருவருக்கும் நடுவில் அது இழுபட்டது. பாகீரதியின் பிடியில் ஒன்று கழன்று வந்தது. நிருபமாவின் உள்ளங்கையில் அதைவிடச் சின்னது.

"இதுக்குள்ளயும் இருக்கா? எனக்குக் காட்டு."

"எனக்கு, எனக்கு."

கைக்குக் கை மாறியது. வளையல்கள் குலுங்கின. பாகீரதி கத்தினாள். வாய் திறந்திருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. இருமல்தான் வந்தது. யாரோ முதுகைத் தடவி, "தண்ணி குடுங்கோ, பாவம், ராத்திரி பகலா பின்னிருக்கா" என்றார்கள். அந்தக் கூச்சலுக்கெல்லாம் அடியில், கொசுவின் ரீங்காரம் அளவில், ஒரு குரல் அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"குளுருதும்மா."

அது மறுபடி நிருபமாவிடம் வந்து சேர்ந்தது. துவரம்பருப்பு அளவில் சிவப்பாக, அவள் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலருகே போனாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, நாக்கைப் பல்லிடுக்கில் கடித்தபடி, சுண்டுவிரல் நகத்தால் அதன் கழுத்தைத் தேடத் தொடங்கினாள்.