பூச்சு காயும்வரை

"சுவத்தைத் தடவிப் பார்த்துட்டுப் பேசுண்ணா," என்று கெசியா கத்தியது மேற்குத் தாம்பரத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. கேட்காமல் விட்டவர்கள் சாயங்காலத்துக்குள் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். "பள்ளம்னு சாதிக்கிற. புடைச்சுக்கிட்டு நிக்குது. சுண்டைக்காய் அளவுக்கு."

"கட்டைவிரலை வச்சு அமுக்கினவன் நான். அமுக்கினா பள்ளம்தான் விழும்." அசரியாவின் குரலும் ஒன்றும் தாழ்ந்ததில்லை.

ஒரு சுண்டைக்காய்க்காக அண்ணனும் தங்கையும் இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெருவுக்குத் தெரியும். சண்டை வீட்டுக்காக. முப்பத்தொன்பது வயதில், இனிமேல் நடக்காது என்று நாலு பேர் முடிவுகட்டிய பிறகு, கணக்கு டீச்சர் கெசியாவுக்குக் கேளம்பாக்கத்து எலியேசரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத அண்ணனைத் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஆகவே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டை மூலை முடுக்கெல்லாம் பார்ப்பாள். ஒழுகல், விரிசல் எதுவும் இல்லையென்றால் அவன் இங்கேயே இருக்கலாம். இருந்தால் வீட்டை விற்றுவிட்டு அவர்கள் ஃபிளாட்டின் பின்னறைக்கு வந்துவிட வேண்டும். அந்த அறையில் அவன் கை வைத்துச் சரிசெய்ய ஒன்றுமே இருக்காது. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, வேளாவேளைக்கு யாரோ கொண்டுவரும் தட்டு.

அவள் பள்ளிக்குப் போய் கேட் சாத்திய சத்தம் கேட்கும்வரை வீம்பாக உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து கூடத்துச் சுவரைத் தொட்டான்.

மேடு.

பூச்சு அவன் பூசியதுதான். அசரியாவைப் போல ஐம்பது அறுபது பேர், எல்லாருமே பார்வையற்றவர்கள், 'கைப்பக்குவம்' என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். எல்லாம் குரல் பதிவுதான். வெந்நீர்க் குழாய்க்கு ரப்பர்பேண்டு சுற்றுவது, மோட்டார் சுவிட்சில் ஒரு சொட்டுப் பசையைக் காயவிட்டு அடையாளம் வைப்பது, துளைபோடும் ஆழத்துக்கு டிரில் முனையில் டேப் ஒட்டுவது என்று நாள் முழுக்க யோசனைகள் பறக்கும். "யாரையாவது பார்க்கச் சொல்லு" என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால், குழுவை நடத்தும் அனகாபுத்தூர் தயாளன் அவரைத் தயவுதாட்சண்யமில்லாமல் தூக்கிவிடுவான். சுவர் விரிசலுக்கு அவன் சொல்லிக்கொடுத்த முறை எல்லாருக்கும் பாடம். ஹார்டுவேர் கடையில் விற்கும் அடைப்பு மாவு இரண்டு கட்டியாக வரும். ஒன்று மெழுகு போல வழுக்கும், மற்றது நறநறக்கும். வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பிசைந்து, அடைத்து, கடைசியில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. இறுகும்போது சூடாகும், பிறகு ஆறும். மறுநாள் விரல் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால் வேலை சுத்தம். அதுதான் அவர்களுடைய கையெழுத்து.

கையெழுத்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது. விரல்நுனியின் சதை உருட்சி, ஓரத்தில் நகம் தொடங்கும் சரிவு, எல்லாம் இருந்தது.

குழுவில் சொன்னான். தயாளன் சிரித்தான். மாவை ஒழுங்காகப் பிசைந்திருக்க மாட்டாய், பேத்து எடுத்துவிட்டு மறுபடி போடு என்றான். உளி வைத்துப் பேத்தான் அசரியா. உள்ளே ஸ்க்ரூடிரைவரை விட்டால் சுண்டுவிரல் நீளத்தில் செங்கல் தட்டியது. காய்ந்த செங்கல். பக்கத்துச் சந்துக்குப் போய் சுவரின் மறுபுறத்தையும் முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல்வரை தடவினான். வழவழப்பான சிமெண்டு, காலடியில் மழைத்தண்ணீர், யாரோ வீசிய பால் பாக்கெட்டு. ஒன்பது அங்குலச் சுவர். அதற்குள் எலிகூடத் திரும்ப முடியாது.

புதிதாகப் பூசி, அமுக்கினான்.

மறுநாள் காலையில் மேடு இரண்டாக இருந்தது. கட்டைவிரல், பக்கத்தில் ஆள்காட்டி விரல். அவனுடையவற்றைவிட மெலிந்தவை. இருபது மணி நேரத்துக்குப் பிறகும் பூச்சு ஆறவில்லை. சுரம் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி இளஞ்சூடாக இருந்தது. அதையும் குழுவில் சொன்னான்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தயாளனிடமிருந்து தனியாக ஒரு பதிவு வந்தது. எப்போதும் மைக்செட் போல ஒலிக்கும் ஆள், பக்கத்தில் யாரோ தூங்குவது போல அடக்கிப் பேசினான்.

"மச்சான், இனிமே அத்த பேக்காத. நான் சொன்னது தப்பு. பேக்க பேக்க அதுக்கு வழி விட்டுகினு கீறோம். எங்க வூட்ல கிச்சன்ல வந்துச்சு. அமுக்கிப் புடிச்சா நிக்குது. கைய எடுத்தா வருது. என்னால முடியல, மச்சான். நான் எடுத்துட்டேன்."

அதன் பிறகு பதிவில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஏதோ பொலபொலவென்று உதிரும் சத்தம். திரும்பக் கேட்கலாம் என்று அசரியா தொட்டபோது, திரையை வாசிக்கும் பெண்குரல் ரேஷன் கடை அறிவிப்பு போலச் சொன்னது: தயாளன் குழுவிலிருந்து வெளியேறினார்.

சொன்ன ஞாயிறும் வந்தது. பகல் மூன்று மணி. மேடுகள் நான்காகியிருந்தன. நான்கின் மேலும் மாவை அப்பி, வலது கை விரல்களை வைத்து அழுத்தினான். மெல்ல அமிழ்ந்தன. சுவர் சமமானது. அந்த வாரம் கல்யாண வேலையாகப் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்த கெசியாவை ஏற்றிக்கொண்டு எலியேசரின் பைக் வாசலில் வந்து நின்றபோது, அவன் விரல்களுக்கு அடியில் எதிர்ப்புறமிருந்து அழுத்தம் தொடங்கியது. முரட்டுத்தனம் இல்லை. பொறுமையான அழுத்தம்.

கெசியா குழாய்களைத் திறந்து மூடினாள். கதவுகளை ஆட்டினாள். சமையலறையில் எதையோ தட்டிப் பார்த்தாள். கூடத்துக்கு வந்தாள்.

"என்னண்ணா, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"காயணும். கொஞ்ச நேரம் பிடிக்கணும்."

"மச்சானுக்கு வேலைன்னா ஜெபம் மாதிரி," என்றான் எலியேசர்.

இப்போது சொல்லலாம். கையை எடுத்துக் காட்டினால் போதும், அவளே பார்த்துவிடுவாள். பிறகு கட்டில், மின்விசிறி, தட்டு. அசரியா வாயைத் திறந்தான். அதற்குள் கெசியா அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சுவரு அழகா இருக்குண்ணா. நீ இங்கயே இரு. நான் இனி ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவன் விரல்களை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

பைக் அவளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்தது. விரல்கள் மரத்தன. இடது கையை வைத்து, வலது கையை எடுத்தான். இடது கைக்குக் கீழே, கை படாத இடத்தில் ஒன்று வந்தது. இன்னும் கீழே ஒன்று. மரத்துப்போன கையை அங்கே வைத்தான். அது நின்றது. மற்றது நிற்கவில்லை.

ஜனவரியில் கெசியாவின் கல்யாணம் நடந்தது. அண்ணன் வரவில்லை, காய்ச்சலாம். ஊர் அதைப் பொறாமை என்று பேசிக்கொண்டது. அவள் கேளம்பாக்கத்தில் குடித்தனம் பண்ணுகிறாள். தயாளன் குடும்பம் எங்கே போனதென்று அனகாபுத்தூரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாத்திரம் பண்டத்தைக்கூட எடுக்காமல் போனதாகக் கேள்வி. அசரியா வீட்டு மாடியில் குடியிருந்த பத்ரிநாராயணனும் சுந்தரவல்லியும் சுவருக்குள் அரிக்கிறது என்று சொல்லி மார்ச்சில் படப்பைக்குப் போய்விட்டார்கள். அசரியா பார்த்துவந்த வேலையை விட்டான். எங்கும் போகவில்லை. பால்காரர் பாக்கெட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறார். கூடத்தில் மாவு வாசனையும் நாள்பட்ட வியர்வையும்.

நின்றபடியே தூங்கப் பழகியிருந்தான். பத்து விரலையும் அகல விரித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்று.

நேற்று மத்தியானம், முகத்துக்கு நேரே, பதினொன்றாவது.

நெற்றியை வைத்தான்.

சூடாக இருந்தது.