நாலாவது கோப்பை

மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் இசைக்குழுப் பாடகி ஹேசல் விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

"பாட்டெல்லாம் பதிஞ்ச மூல நாடாவைக் காணோம் சார். எங்க முதல் ஆல்பம் மொத்தமும் அதுலதான். சாயங்காலத்துக்குள்ள இசைத்தட்டு அடிக்கிற ஃபேக்டரிக்குப் போகலேன்னா கம்பெனி எங்களக் கைகழுவிடும்."

துப்பறிவாளர் கார்சைட் பாதி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தார். உதவியாளர் மேவிஸ் குடையோடு பின்னால் ஓடினாள்.

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துப் பழைய மீன் கிடங்கில் இருந்தது ஒலிப்பதிவுக்கூடம். பூட்டு உடையவில்லை. கிதார்காரன் ரோரியும் ஒலிப்பதிவாளர் கிளைவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுத்தான் சண்டையாம். மூலையில், நவம்பரில் துரத்தப்பட்ட டிரம்மர் டெஸ்மண்டின் இடத்தில், தாளம் போடும் இயந்திரம் ஒன்று.

மேசைமேல் நாலு கோப்பைகள். மூன்றில் தேநீர் தளும்பத் தளும்ப ஆறிக் கிடந்தது. ஒன்று காலி.

"கிளைவ்தான் சார்," என்று மேவிஸ் கிசுகிசுத்தாள். "மூஞ்சியப் பாருங்க."

கார்சைட் மூன்றையும் நக்கிப் பார்த்தார். "பால் விடாதது யாருது?"

"என்னுது," என்றான் ரோரி.

"கடுங்கசப்பு?"

"நான்தான்," என்றார் கிளைவ்.

"இந்த நீலக் கோப்பைல ரெண்டு கரண்டி சர்க்கரை."

"அது என் கோப்பை," என்றாள் ஹேசல். "ஆனா கிறிஸ்துமஸுக்கே சர்க்கரைய விட்டுட்டேனே. அதுக்கப்புறம் தினமும் இவங்க ரெண்டு பேருந்தான் எனக்கு டீ போடறாங்க."

"அப்போ இவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். போட்ட ஆளுக்கு எல்லாரோட ருசியும் தெரியும், கிறிஸ்துமஸ் மட்டும் தெரியாது. இந்த ஊர்ல தனக்கு மட்டும் டீ போட்டுக்கறது திருட்ட விடக் கேவலம். யாருமே இல்லாத கூடத்துல, கை பழக்கத்துல நாலு பேருக்கும் போட்டிருக்கான். டெஸ்மண்ட்கிட்ட சாவியத் திருப்பி வாங்கினீங்களா?"

ஹேசல் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

டெஸ்மண்டின் அறை மீன் சந்தைக்கு மேலே இருந்தது. நாடாப் பெட்டி கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. மேவிஸ் சுற்றிலும் தேடினாள். அதைப் போட்டுக் கேட்க அங்கே எந்த இயந்திரமும் இல்லை.

"பாட்டக் கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் கூடத்துக்கு வந்தேன்," என்றான் டெஸ்மண்ட். "டீயப் போட்டுட்டுப் பாக்கறேன், குடிக்க ஆளில்ல. அந்த மெஷின்தான் இருந்துச்சு. அப்புறம் அங்க கேக்கத் தோணல, எடுத்துட்டு வந்துட்டேன்." பெட்டியை ஹேசலிடம் நீட்டினான். "கடைசிப் பாட்டுல இன்னும் நான்தானே?"

"அதுல மட்டும்," என்றாள் ஹேசல்.

அவன் தலையாட்டிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தான். மேவிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். ஃபேக்டரிக்கு நேரமிருந்தது. அவன் வழக்கம்போல ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஹேசலிடம் கொடுத்தான்.

அவள் கோப்பை காலியாகும்வரை குடித்தாள்.