மிக்சியும் தட்டைப் பென்சிலும்

அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் அப்பா அவளை 'மிக்சி' என்றுதான் கூப்பிடுவார். காரணம் இல்லாமல் இல்லை. கோபமோ பயமோ அழுகையோ வந்துவிட்டால் அவளுக்குள் ஏதோ கரகரவென்று சுற்ற ஆரம்பிக்கும். அடுத்த நொடி மூடி பறந்துவிடும்.

"மூடியைப் புடிச்சுக்கோ மிக்சி" என்பார் அப்பா. மூடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை மூடி பறந்த இடம் ஆஸ்பத்திரி.

மிக்சிக்குத் தம்பி பிறந்திருந்தான். இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் பிறந்திருக்க வேண்டியவன், என்ன அவசரமோ, முன்னாலேயே வந்துவிட்டான். அதனால் அவனைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் கதகதப்பாக வைத்திருந்தார்கள். அக்கா, அண்ணன்மார்கள் ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் உள்ளே வந்து பார்க்கலாம் என்பது அந்த வார்டின் விதி.

மிக்சி கொழுகொழு தம்பியைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். பெட்டிக்குள் இருந்தவன் அப்பாவின் செருப்பைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். மூக்கில் குழாய், காலில் ஒயர், தலைமாட்டில் எண்கள் ஓடும் ஒரு திரை. அவளுக்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"அந்தக் குழாயை எடுங்க! அவனுக்கு வலிக்குது!"

கத்தியதோடு நிற்கவில்லை. கண்ணாடியை டம் டம் என்று தட்டினாள். தம்பி திடுக்கிட்டுக் கைகளை விரித்தான். பக்கத்துப் பெட்டிகளில் இருந்த குழந்தைகளும் பூனைக்குட்டிக் குரலில் அழத் தொடங்கின.

நர்ஸ் அக்கா அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். அவர் திட்டவில்லை.

"இங்க எல்லாருமே ரொம்பச் சின்னவங்க, கண்ணு. சத்தம் தாங்க மாட்டாங்க. அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை வா. கையும் வாயும் சும்மா இருந்தா சரி. இல்லன்னா தம்பி வீட்டுக்கு வர்ற வரைக்கும் நீ வெளியதான் இருக்கணும்."

அன்றிரவு மிக்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி வீட்டுக்கு வர எத்தனை வாரம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது. அதுவரை அவனுக்குத் தெரிந்த அக்கா, கண்ணாடியைத் தட்டிய அக்காதான். 

அப்பாவுக்குத் தரையில் டைல்ஸ் ஒட்டும் வேலை. ஒட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்பார். காதில் எப்போதும் ஒரு தட்டைப் பென்சில் இருக்கும். அளவு எழுதும் நோட்டு சட்டைப் பையில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மிக்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவர், நோட்டையும் பென்சிலையும் அவளிடம் கொடுத்து வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தார். செருப்பைக் கதவருகே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். அம்மா பகல் முழுக்கத் தம்பி பக்கத்திலேயே இருந்தார்.

மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு கருவி 'பீப் பீப்' என்றது. தம்பியின் கருவியா, வேறு யாருடையதா? மிக்சிக்குள் கரகர ஆரம்பித்தது. கதவை ஓங்கி உதைக்க வேண்டும்போல் இருந்தது. கால்கூட எழுந்துவிட்டது.

உதைத்தால் ஞாயிறு போய்விடும்.

அவசர அவசரமாக நோட்டைப் பக்கத்து நாற்காலியில் விரித்து, ஒரு தாளின் மேல் பென்சிலை வைத்துக் கிறுக்கினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. அடுத்த தாளைப் பிய்த்து நாற்காலியில் வைத்து மறுபடியும் கிறுக்கினாள். அதுவும் கிழிந்தது. மூன்றாவது தாளையும் பிய்த்து வைப்பதற்குள் கை ஓய்ந்துபோனது. பென்சிலைச் சாய்த்துப் பிடித்துச் சும்மா தேய்த்தாள்.

தாளில் ஒரு வட்டம் வந்தது.

மிக்சி நிறுத்தினாள். அவள் வட்டம் வரையவே இல்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். பக்கத்தில் இன்னொரு வட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசை வரிசையாக, ஒன்றுபோல் ஒன்று, வெள்ளைத் தாளுக்குள் ஒளிந்திருந்தவை எல்லாம் எழுந்து வந்தன.

தாளைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இரும்பு நாற்காலி. அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். இவ்வளவு நேரம் இதே மாதிரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு ஓட்டையைக்கூடப் பார்த்ததில்லை.

அழுத்தினால் கிழிகிறது. மெதுவாகத் தேய்த்தால் வருகிறது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கரகர எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா வெளியே வந்தபோது மகள் தரையில் குப்புறப் படுத்திருந்தாள்.

"மிக்சி, என்ன பண்ற?"

"தரையைப் பார்க்கிறேன்ப்பா. இதுல மழைத்துளி மாதிரி புள்ளி இருக்கு. வந்து பாருங்க."

அப்பா நோட்டைப் புரட்டினார். "அது சரி, நான் எழுதி வச்ச குளியலறை அளவு எங்க?"

மிக்சி தேடினாள். "உங்க செருப்புக்கு அடியில இருக்குப்பா."

அந்தப் பக்கம் முழுவதும் அப்பாவின் செருப்பின் அடிப்பாகம் அலை அலையாகப் பதிந்திருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்த அலைகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மிக்சி எதையும் விடவில்லை. சாவி, சீப்பு, கதவுக் கைப்பிடி, புத்தகப் பையின் ஜிப், மரத்தின் பட்டை, சுவரின் விரிசல். ஒவ்வொரு முறை பயம் கிளம்பும்போதும் பென்சில் போகும். பென்சிலோடு மூச்சும் மெதுவாகப் போய் மெதுவாக வரும்.

வியாழக்கிழமை அப்பா வார்டிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன. மிக்சி அவர் பக்கத்தில் வந்தாள். தாளைத் தரையில் விரித்து, பென்சிலை அவர் கையில் திணித்தாள்.

"மெதுவாப்பா. அழுத்தினா வராது."

அப்பா குனிந்து தேய்த்தார். ஒரு கோடு வந்தது. அவர் புருவம் சுருங்கியது.

"இங்க ஒரு டைல்ஸ் மேல ஏறி நிக்குது பாரு. ஒட்டினவன் அவசரக்காரன்."

"தம்பி மாதிரியா?"

அப்பா சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு வந்தது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நீல அங்கி மாட்டிக்கொண்டு மிக்சி கதவருகே நின்றாள். கையில் நோட்டும் பென்சிலும்.

"இதெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, கண்ணு" என்றார் நர்ஸ் அக்கா. "கிருமி வரும்."

மிக்சி இரண்டையும் வெளியே நாற்காலியில் வைத்தாள். பென்சில் இல்லாமல் எப்படி? ஆனால் கதவு திறந்துவிட்டது.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் திரையில் இருந்தன. ஒரு எண் இறங்கினால் அம்மாவின் தோள் ஏறும். எண் ஏறினால் தோள் இறங்கும். மிக்சி வந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் அதே குழாய், அதே ஒயர். கரகர வந்துவிட்டது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தொண்டைக்கு. நர்ஸ் அக்கா ஒரு அடி முன்னால் வந்தார்.

மிக்சி விரல்களைக் குவித்தாள், நடுவில் தட்டைப் பென்சில் இருப்பதுபோல. அங்கியின் மேல் மெதுவாகத் தேய்த்தாள். விரல் போகும் வேகத்துக்கே கண்ணையும் போக விட்டாள். தம்பியின் தலையிலிருந்து ஆரம்பித்தாள்.

முதலில் முடி வந்தது. பூனை ரோமம்போல, உச்சியில் ஒரு சுழியோடு. பிறகு காது, மடிப்புக்குள் ஒரு மடிப்பு. பிறகு இமை. அதில் மயிர்கூட முளைத்திருந்தது. கைவிரலில் நகம் இருந்தது. இவ்வளவு சின்ன விரலுக்கு யாரோ மறக்காமல் நகம் வைத்திருக்கிறார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது. போன வாரமும் இதெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது. அவள் குழாயை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கடைசியில் பாதம் வந்தது. அது அவள் கட்டைவிரல் நீளம்தான். 

"அம்மா" என்றாள், காற்றுபோன்ற குரலில். "அவன் பாதத்துல மூணு கோடு இருக்கு."

அம்மா திரும்பினார். திரையிலிருந்து கண்ணை எடுத்து, குனிந்து, தம்பியின் பாதத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரையில் ஏதோ ஒரு எண் இறங்கி, தானாகவே ஏறியது. அம்மாவின் தோள் அசையவே இல்லை.

"நாலு" என்றார் அம்மா மெதுவாக. "சுண்டுவிரலுக்குக் கீழ பாரு. குட்டியா ஒண்ணு."

மிக்சி பார்த்தாள். ஆமாம், நாலு.

இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மிக்சிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"அக்கா, அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?"

"அது எப்பவோ ஆயிடுச்சு" என்றார் நர்ஸ் அக்கா. அவரும் எப்போது வந்து குனிந்தாரோ, தெரியவில்லை. "பேசாம இரு. அந்த நாலாவது கோட்டை நான் இன்னும் பார்க்கல."