இறக்கச் சொல்ல ஆளில்லை

மத்தியானம் மூன்று மணிக்கு நானும் அக்காவும் பழைய கிடங்கைத் திறந்தோம். மறுநாள் அங்கே நினைவுக் கூட்டம். அக்கா தான் எழுதிய கவிதையை வாசிக்க வேண்டும். உள்ளே குரல் எடுபடுமா என்று பார்க்க வந்தாள். நான் மூட்டை தூக்குகிறவன்.

"கவிதைய நீ தூக்க வேணாம்டா. கதவ மட்டும் தள்ளு."

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே சுமை தூக்கியவர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தால்தான் நடப்போம் என்று மூட்டையோடு அப்படியே நின்றார்கள். நின்றவாக்கிலேயே சுட்டார்கள். சர்க்கார் காகிதத்தில் 'கூலிகள் சிலர்' என்பதோடு சரி. அக்கா இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி முப்பத்திரண்டு பட்டப்பெயர்களைச் சேர்த்தாள். கடைசிப் பெயர் எங்கள் பூட்டனுடையது. முரடன்.

"ஒருத்தர் விட்டுப்போனாலும் நான் மேடை ஏற மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

உள்ளே சணல் நாற்றம், எலிப்புழுக்கை, ஊறிப்போன சுண்ணாம்பு. கூரை ஓட்டையில் இறங்கிய வெயில் பாதித் தரையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் இருட்டு.

எங்கள் வேலையில் மேஸ்திரி பட்டப்பெயர் சொல்லி 'வா' என்பார். உடனே முதுகைக் கொடுக்க வேண்டும். அக்கா கவிதையை அதே மாதிரி எழுதியிருந்தாள். வாசிக்கத் தொடங்கினாள்.

"நெட்டையா, வா. குழிக்கு நீளம் போதாமல் உன்னை மடக்கி வைத்தார்களாமே.

ஒத்தக்காது, வா. வெடிச்சத்தம் உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

தூங்குமூஞ்சி, வா. விடிந்து ரொம்ப நாளாயிற்று."

ஒவ்வொரு வரிக்கும் இருட்டில் ஒரு சத்தம்.

ம்க்.

முதுகில் மூட்டை விழும்போது நெஞ்சிலிருந்து பிதுங்கி வருகிற மூச்சு. தினமும் நான் விடுகிற மூச்சு.

அக்கா காகிதத்திலிருந்து கண் எடுக்கவில்லை.

"முரடா, வா. உன்னைத் தேடி வந்தவள் வயிற்றில் எங்கள் தாத்தா இருந்தார்."

ம்க்.

வாசித்து முடித்தாள். அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம், ஏகப்பட்ட பேருடையது. முட்டிகள் நெரிபடும் சத்தம். வியர்வை வாடை.

"யாருடா அது?"

"சுமையோட நிக்கிறாங்கக்கா. 'வா'ன்னு கூப்பிட்டுட்ட. 'இறக்கு'ன்னு சொல்லலையே."

"நீ சொல்லேன்."

"கூப்பிட்டவங்கதான் சொல்லணும்."

அவள் இருட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"இறக்குங்கய்யா... எல்லாரும் இறக்குங்க. போதும்."

தொம். தொம். தொம். காலடியில் தரை அதிர்ந்தது. விரல் மடக்கி எண்ணினேன்.

முப்பத்தொன்று.

ஒரு மூச்சு மட்டும் ஓயவில்லை.

"முரடா... இறக்குப்பா" என்றாள்.

சுமை இறங்காவிட்டால் பக்கத்து ஆள் முதுகு கொடுத்து வாங்கிக்கொள்வான். நான் இருட்டுக்குள் போய், திரும்பிக் குனிந்தேன்.

"குடுங்க பூட்டா. நான் வாங்கிக்கறேன்."

இறங்கியது.

மூட்டை இல்லை.

மூட்டைக்குக் கை ஏது? இரண்டு கைகள் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. முதுகில் ஒரு நெஞ்சு படபடவென்று அடித்தது. சட்டை நனைந்தது. பூட்டனின் மூச்சு ஒரே ஒருமுறை நீளமாக வெளியேறி, நின்றது.

"மூட்டையப் போட்டுட்டு, குண்டு பட்ட ஒருத்தனத் தூக்கியிருக்காருக்கா."

அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீடு இருந்தவங்க பேரத்தானேடா சேத்தேன்! இவனுக்கு யார் வீட்ட போய்த் தட்டுவேன்?"

இறக்கு என்றாள். கெஞ்சினாள். கூப்பிடாதவனை எப்படி இறக்குவது?

மறுநாள் அவள் மேடை ஏறவில்லை.

முதுகில் அவன் இருப்பதால் நான் மல்லாந்து படுத்தே ஒரு வருடமாகிறது. நான் வேலை முடிந்து வந்ததும் அக்கா நோட்டோடு என் பின்னால் உட்கார்ந்து, தோளருகே காதை வைப்பாள்.

"ஐயா, உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

கழுத்தைச் சுற்றிய கைகள் மட்டும், எங்கே இறக்கிவிட்டுவிடுவார்களோ என்பது போல, இன்னும் கொஞ்சம் இறுகும்.