முப்பத்திரண்டு தட்டுகள்

இரும்புலியூரில் அந்த இடத்தில் இன்று நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. நான் அஞ்சாவது படித்த 1986-இல் அங்கே ஓடு போட்ட பால்வாடி இருந்தது. வாசலிலேயே சாம்பார் வாசனை வரும். இப்போது நினைத்தாலும் பசிக்கிறது, போங்கள்!

என் தம்பி லோகுவை அங்கே விட்டுவிட்டுத்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் ஓடுவேன். அப்பாவுக்குக் கல்குவாரியில் வேலை. அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்பாள். லோகுவுக்கு நாலு வயது. வாய் மட்டும் நாற்பது வயது.

ஒரு சாயங்காலம் அவனைக் கூப்பிடப் போனால், ஹில்டா டீச்சர் கண் சிவக்க உட்கார்ந்திருந்தார்.

“பால்வாடிய மூடப் போறாங்க, ஜெயக்கொடி. அடுத்த மாசத்திலேருந்து பணம் வராதாம். ரிஜிஸ்தர்ல முப்பத்திரெண்டு பேர் இருக்கு. ஆபீசர் வந்து எண்ணினப்ப நாலே பேர். நான் பொய்க் கணக்கு எழுதறேனாம்.”

“எப்ப டீச்சர் எண்ணினாரு?”

“போன வெள்ளிக்கிழமை.”

தலையில் அடித்துக்கொண்டேன். அது ஆடி வெள்ளி! அங்காளம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய நாள். பிள்ளைகள் எல்லாரும் சொம்போடு கோயிலில் நின்றோம். லோகு இரண்டு தடவை வரிசையில் நின்றான். அன்றைக்கா வந்து எண்ணுவது?

“நானும் சொல்லிப் பார்த்தேன், நம்பல” என்றார் டீச்சர்.

வீட்டில் அம்மா வேறு குண்டு போட்டாள்.

“இன்னொரு பால்வாடி ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தாண்ட கீது. லாரி போற ரோட்ல இவனை யாரு இட்டுகினு போறது? நீ வூட்ல இருந்து தம்பியப் பாத்துக்க. பள்ளிக்கூடம் அப்பால பாத்துக்கலாம்.”

அந்த ‘அப்பால’ வரவே வராது. பக்கத்து வீட்டுப் பாப்பா அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 

மறுநாள் லோகுவை விடப் போனபோது பால்வாடி அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது அங்கே வழக்கம். மாறிப்போகாமல் இருக்க, பாத்திரக் கடையில் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள்.

“டீச்சர், இந்தத் தட்டுங்களைக் குடுங்க. ஆபீசர்கிட்ட காட்டிட்டு வரேன்.”

டீச்சர் தட்டுகளை ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். “பன்னெண்டு மணிக்குள்ள வந்துடணும். சோறு போடணும்.”

பள்ளிக்கூடம் போவதற்காகவே அன்று பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்தேன்! மீன் வண்டி பொன்னுரங்கம் அண்ணன் மூட்டையைத் தன் மூணு சக்கர சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

“இன்னா பாப்பா, கல்யாண வூட்டுக்கா?” என்று வழியெல்லாம் கிண்டல். ஆபீஸ் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வெகுநேரம் பெஞ்சில் காத்திருந்தேன். கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்ரீநிவாசன் சார்தான் எண்ண வந்த ஆபீசர். மூட்டையை அவிழ்த்தேன். கணகணவென்று தட்டுகள் சரிந்தன. பியூன் பதறி ஓடிவந்தார்.

“என்னம்மா இது, பாத்திரக் கடையா?”

“எங்க பால்வாடிப் பிள்ளைங்க தட்டு சார். முப்பத்திரெண்டு இருக்கு. பேரைப் படிச்சுப் பாருங்க. நீங்க ஆடி வெள்ளியில வந்து எண்ணினீங்க. எல்லாரும் கூழ் வாங்கப் போயிட்டோம்.”

அவர் ஒரு தட்டை எடுத்தார். “‘கேசவன் – தையல்நாயகி திருமண அன்பளிப்பு.’ யாரும்மா இது? ரெண்டு பேரும் பால்வாடியா?”

“ஐயோ, அது துளசிங்கத்தோட அப்பா அம்மா சார்! அவங்க கல்யாணத்துக்கு வந்த தட்டு.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு தட்டைக் கீழே வைத்தார். “தட்டை யார் வேணா சேர்த்துக் கொண்டு வரலாமே?”

 சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. 

“சார், நான் போகணும்! தட்டெல்லாம் இங்க இருக்கு. பிள்ளைங்க எதுல சாப்பிடுவாங்க?” அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். “ஜீப்பை எடுக்கச் சொல்லுப்பா” என்றார் பியூனிடம்.

பால்வாடித் தெருவில் திரும்பும்போதே கூச்சல் கேட்டது. உள்ளே எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகச் சம்மணம் போட்டு, தட்டில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அழுகை. லோகு எழுந்து இடுப்பில் கை வைத்தான்.

“இன்னா சார், எங்க தட்டை எடுத்துகினு பூட்டியா?”

சார் மூட்டையை அவிழ்த்தார். ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பெயர் படித்தார். பெயருக்கு ஒரு பிள்ளை ஓடிவந்து வாங்கிக்கொண்டது. கடைசித் தட்டும் போனபின் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பு என்னோடதுதான் டீச்சர். பணத்தை நிறுத்த வேண்டாம்னு இன்னைக்கே எழுதறேன். நீயும் ஒரு மனு எழுதிக் குடும்மா.”

நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினேன்: ‘பால்வாடிக்குப் பணம் வேண்டும். ஆடி வெள்ளியில் எண்ணக் கூடாது.’

பத்து நாளில், பால்வாடியை மூட வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அதுவரை அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் தினமும் காலையில், இன்றுதான் கடைசி நாளோ என்று பயந்துகொண்டேதான் போவேன்.

உத்தரவு வந்த மறுநாள் வகுப்பில் ஆஜர் எடுத்தார்கள்.

“ஜெயக்கொடி!”

“உள்ளேன் அம்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.