சூடேறாத பிராசசர்

ஜூலை மாதத்து மதியம். குவோப்பியோ ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில் இருந்த ஹில்காவின் மரவீட்டு வாசலில் எஸ்கோ காரை நிறுத்தினான். பின்சீட்டில் சால்டரிங் பெட்டியும் ஏலக்காய் பன் பொட்டலமும் இருந்தன. வெயில் சுள்ளென்று அடித்தது. பயப்படுவதற்கான வேளையே இல்லை அது.

ஹில்காவின் கணவன் ரைமோ எஸ்கோவின் பழைய சிநேகிதன். மார்ச் மாதம், உறைந்த ஏரியின்மேல் மீன் பிடிக்கப் போனவன், பனி உடைந்து உள்ளே போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. அவன் விட்டுப்போனது முப்பது வருடத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதில், கொடுத்த கணக்கை வைத்து இயந்திரமே வரையும் ஒரு படத்தைத் தொடங்கியிருந்தான். உறைந்த ஏரி, அதன்மேல் நிற்கும் தான், எல்லாவற்றுக்கும் அங்குலம் அங்குலமாகக் கணக்குக் கொடுத்திருந்தான். இயந்திரம் மேலிருந்து கீழாக வரிவரியாக வரைந்துகொண்டே வரும். ஒரு வரிக்கு ஒரு நாள். இதுவரை வானமும் காடும்தான் வந்திருந்தன.

"இந்த வேகத்துல போனா நான் கிழவியாயிடுவேன் எஸ்கோ," என்றாள் ஹில்கா. "அவன் மூஞ்சிய ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும் எனக்கு. புது கம்ப்யூட்டர்ல போட முடியாதா?"

"அது இத விட்டு நகராது. உன் புருஷன் எழுதின புரோகிராம் அவன மாதிரியே பிடிவாதம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்லவேளை, அவள் சிரித்தாள்.

பழைய பிராசசரைக் கழற்றி, அதே வகையில் பல மடங்கு வேகமான ஒன்றைப் பொருத்தினான். ஒரு வரி இப்போது சில நிமிடங்களில் முடிந்தது. அடுத்தது கிரிஸ்டல். நகத்தளவு வெள்ளிப் பெட்டி. பிராசசரின் நாடித் துடிப்பே அதிலிருந்துதான் வரும். துடிப்பு கூடினால் வேகம் கூடும், சூடும் கூடும். இப்படி வேகம் கூட்டிப் பார்க்கும் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே வழக்கம்தான்: பிராசசர்மேல் விரலை வைத்துப் பார்ப்பார்கள். விரல் தாங்கினால் இன்னும் வேகமான கிரிஸ்டல். தாங்காவிட்டால் நிறுத்திக்கொள்வார்கள்.

வேகமான கிரிஸ்டலைப் போட்டு எஸ்கோ விரலை வைத்தான். ஜில்லென்றிருந்தது.

"அட, என் சமத்தே! இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

இன்னும் வேகமானதைப் போட்டான். பிராசசர்மேல் வேர்வை மாதிரி நீர் கோத்தது. அதைவிட வேகமானதைப் போட்டான். போர்டு ஓரமெல்லாம் வெள்ளையாக உறைபனி படர்ந்தது. சூட்டைக் கண்டால் பயப்படத் தெரிந்தவனுக்குக் குளிரைக் கண்டு பயப்படத் தெரியவில்லை. குஷியில் கையைத் தேய்த்துக்கொண்டான், பாவி.

திரையில் பனிப்பரப்பு கடகடவென்று இறங்கியது. நடுவில் ஒரு கறுப்பு விளிம்பு தெரிந்தது.

"அது என்னது?" என்றாள் ஹில்கா.

"ஓட்டை மாதிரி இருக்கு." எஸ்கோவின் குரல் இறங்கிவிட்டது. "அவன் கணக்க முழுசா பாத்தேன். அதுல ஓட்டையே இல்ல."

அறையில் ஏரிச்சேற்று வாடை வந்தது.

ஓட்டைக்குள் ஈரத் தலைமுடி தெரிந்தது.

எஸ்கோ மறுபடி விரலை வைத்தான். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் பிய்ந்துகொண்டு வந்தது.

"போதும் ஹில்கா. நிறுத்திடறேன்."

"வேணாம்!" அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தல வந்துடுச்சு, எஸ்கோ. இன்னும் கொஞ்சம். உன்ன கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

நெற்றி வந்தது.

அவள் கையை உதறிவிட்டு எஸ்கோ கிரிஸ்டலைப் பிடுங்கினான். அது இல்லாவிட்டால் பிராசசர் வெறும் பிணம். படம் நின்றது. அவன் மூச்சு விட்டான்.

அடுத்த வரி வந்தது.

கிரிஸ்டல் அவன் உள்ளங்கையில்தான் இருந்தது.

அதற்கடுத்த வரியும் வந்தது.

புருவம். திறந்திருந்த கண்கள். மூக்கு. வாய். ஹில்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். அவள் முகத்தில் இருந்த ஆசை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது.

"எஸ்கோ," என்று கிசுகிசுத்தாள். "இது ரைமோ இல்ல."

அவன் பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கை உருவினான். திரை அணைவதற்கு முன்னால் ஒரு கணம் படத்தைப் பார்த்தான். ஓட்டை மட்டும் இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

இருவரும் வெயிலைத் தேடி வாசலுக்கு ஓடினார்கள். நிலைப்படி அருகே ஹில்காவின் செருப்பும் எஸ்கோவின் ஷூவும் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பெரிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, மரியாதையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஜூலை வெயிலில், அதன்மேல் பனிக்கட்டி கரையாமல் ஒட்டியிருந்தது. அங்கிருந்து ஈரக் கால்தடங்கள் வீட்டுக்குள் போயிருந்தன.

எஸ்கோ அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் அசையவில்லை. உள்பக்கம் பார்த்துக்கொண்டு, உள்ளே போனவனிடம் கேட்டாள்:

"ரைமோவ எங்க விட்டுட்டு வந்த?"

கம்ப்யூட்டர் இருந்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.