சிவப்பு வயர்

அவரை எல்லோரும் வயர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்துவது, பழைய வீடியோ டேப்புகளைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பது, இரண்டும் அவர் பிழைப்பு. கை ஒரு பக்கம் வேலை செய்தால் வாய் ஒரு பக்கம் வேலை செய்யும். அன்று மதியம் அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தியபோது மட்டும் வாய் உலர்ந்து கிடந்தது.

கதவைத் திறந்தது வீட்டுக்காரரின் மகள். கல்லூரியில் படிக்கிற பெண்.

"வாங்கண்ணா. அப்பா ஆபீஸ் போயிட்டாரு. உங்க இஷ்டப்படி மாட்டச் சொன்னாரு."

நீளமான கூடம். தடித்த திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்ததில் பகலிலேயே இருட்டு. பெட்டிகள் பிரிக்கப்படாமல் நின்றன. அவர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

"ஸ்பீக்கரச் செவுத்தோட ஒட்டி வெக்காதம்மா, குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். டிவிக்கு ரெண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்கணும். பேச்செல்லாம் நடு ஸ்பீக்கர்லதான் வரும், அதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது."

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்." அவள் தயங்கினாள். "அம்மாவோட டேப் எல்லாம் மாத்திக் குடுத்தீங்கல்ல? அதுல வெறும் இரைச்சல்தான் வருது. நல்ல ஸ்பீக்கர்ல போட்டா லேசாவாவது குரல் கேக்கும்னு அப்பா சொல்றாரு. அதுக்குத்தான் இவ்வளவும் வாங்கினாரு. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா போயிட்டாங்க. அவங்க குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

கோப்பில் இல்லாத சத்தத்தை எந்த ஸ்பீக்கராலும் கொண்டுவர முடியாது. வேறு யார் கேட்டிருந்தாலும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்.

"பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். டேப் பிளேயரில் மூன்று வயர்கள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலது பக்கச் சத்தத்துக்கு. அவர் கடையில் சிவப்பு வயர் அறுந்து பல மாதம் ஆகியிருந்தது. இரண்டிலும் ஒரே சத்தம்தானே, வெள்ளை போதும் என்று இருந்துவிட்டார். ஆனால் அந்த வீட்டுக் கேமராவில் மைக்கின் சத்தம் சிவப்புப் பக்கம் மட்டுமே பதிவாகியிருந்தது. வெள்ளையில் வெறும் இரைச்சல். காதால் கேட்டுப் பார்க்காமலே எல்லா டேப்பையும் மாற்றினார். பிறகு, புது டேப் என்று விற்பதற்காக, ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்து அழித்தார். கடைசி டேப் மிச்சமிருந்தபோதுதான் புது வயர் வந்தது. சும்மா போட்டுப் பார்த்தார்.

"கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்றாள் ஒருத்தி, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு.

அதை மட்டுமாவது ஒழுங்காக மாற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மற்றதெல்லாம் எங்கே என்று கேட்பார்களே. அதையும் அழித்தார். டேப்பில் பூஞ்சை, தூக்கிப் போட்டுவிட்டேன், பேச்சு பதிவாகவே இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். அன்று முதல் சோறு சோறாக இறங்கவில்லை.

இப்போது ஸ்பீக்கர் சோதனையைத் தொடங்கினார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் முறை வைத்து 'உஸ்' என்ற சத்தம் வர வேண்டும். இடது பக்கம் வந்தது. நடுவில் வந்தது.

வலது பக்கம் வரவில்லை.

பழைய டேப் சூடாகிற வாசனை மெல்லப் பரவியது. அந்தக் கூடத்தில் டேப்பே கிடையாது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"கேக்குதா?"

அவர் மண்டியிட்டு வலது ஸ்பீக்கரின் பின்பக்கம் பார்த்தார். அதற்கு இன்னும் வயரே மாட்டவில்லை. சுருட்டியபடி தரையில் கிடந்தது.

"நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது" என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

"யாருக்குப் பதில் சொல்றீங்கண்ணா?"

"நீதானம்மா கேட்ட?"

"நான் வாயே தெறக்கலையே."

மிச்ச வயரையும் மாட்டி, தான் மாற்றிக் கொடுத்திருந்த அந்தக் கடைசி டேப்பின் வீடியோவைப் போட்டார். திரையில் குழந்தையோடு அம்மா. உதடு அசைந்தது. மகள் வலது ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அவளுக்கு இரைச்சல் மட்டும்.

"ஒண்ணுமே கேக்கலண்ணா."

"டேப்லயே இல்லம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

திரையில் இருந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு விடிவு இல்லை. மனைவி வலது பக்கம் நின்று காபி வேண்டுமா என்று கேட்டது அவர் காதில் விழவில்லை. "செவுத்துக்கிட்ட பேசுறேனா?" என்று அவள் தோளைத் தட்டிய பிறகுதான் திரும்பினார். வலது காதில் வேறு யாருக்கும் இடம் இல்லை. அங்கே அந்த டேப் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்குப் பல் முளைத்தது, தண்ணீரைக் கண்டால் அழுவது, கோபம் அப்படியே அப்பா மாதிரி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

கேட்க வேண்டியவள் அங்கே இருக்க, அழித்த பாவி கேட்டுக்கொண்டிருந்தான்.

பொறுக்க முடியவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து அந்தப் பெண்ணின் எண்ணைப் போட்டு, பழக்கப்படி வலது காதில் வைத்தார். மகள் குரலுக்கு மட்டும் அந்தக் காது வழி விட்டது. அதைக் கேட்டதும் தைரியமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஸ்பீக்கர் எல்லாம் சரியா ஓடுதாம்மா?"



"அண்ணா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "உங்க பக்கத்துல யாரு பேசுறது?"

"யாரும் இல்லையேம்மா."

"இல்லண்ணா, ஒரு பொம்பளக் குரல். பாப்பா பாப்பான்னு கூப்பிடுறாங்க. கொஞ்சம் போனை அவங்ககிட்டக் குடுங்களேன்."

அறையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. டேப் சூடாகிற வாசனை மட்டும் இருந்தது. போனில் பேட்டரி தீரப்போகிறது என்று 'பீப்' கேட்டது. காதிலிருந்து எடுத்தால் அவளுக்கு அந்தக் குரல் நின்றுவிடும். இன்னொரு தரம் அழித்ததாகிவிடும். ஊரெல்லாம் வயர் இழுத்த மனுஷர், இடது கையை நீட்டி மேசை மேல் சார்ஜர் வயரைத் துழாவினார். கிடைக்கவில்லை.

மறுமுனையில் அந்தப் பெண் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டிருந்தாள்.

"கேக்குது" என்றாள், அழுதுகொண்டே. "கேக்குதும்மா. நல்லாக் கேக்குது."